கணித வகுப்பில் மென்பொருள்: எதனை மதிப்பிடுவது? எவ்வாறு மதிப்பிடுவது?

(கணித ஆசிரியர்கள், கல்வி அலுவலர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



பள்ளிக் கணிதத்திற்கென உருவாக்கப்படும் மென்பொருள்களை மதிப்பிடும் முறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தலைப்பு தொழில்நுட்பத்தைச் சார்ந்ததாகத் தோன்றினாலும், அதன் உட்பொருள் பழமையானது. ஒரு குழந்தை கணக்கைப் புரிந்துகொண்டதா, அல்லது விடையை மட்டும் எழுதியதா என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? கரும்பலகைக் காலத்திலும் இக்கேள்வி இருந்தது. கணிப்பொறிக் காலத்திலும் இதுவே அடிப்படைக் கேள்வியாக இருக்கிறது.

இக்கேள்விக்கு இன்று அவசரமும் சேர்ந்திருக்கிறது. 'அசர்' எனப்படும் கல்வி நிலை ஆண்டறிக்கையின் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் ஊரகப் பகுதிகளில் 5ஆம் வகுப்பில் பயிலும் குழந்தைகளில் ஏறத்தாழ 31 சதவீதத்தினரே மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள். எஞ்சிய பத்தில் ஏழு குழந்தைகளும் அடுத்த ஆண்டு 6ஆம் வகுப்புக்குச் செல்வார்கள். அங்கே பின்னமும் விகிதமும் இயற்கணிதமும் அவர்களுக்காகக் காத்திருக்கும். இந்த இடைவெளியை விரைந்து நிரப்பும் கருவியாக மென்பொருள் முன்வைக்கப்படுகிறது. மாநில அரசுகளும் அதற்காகப் பொதுப் பணத்தைச் செலவிடுகின்றன. வாங்கும் பொருள் பயன் தருமா என்று கேட்பது முன்னேற்றத்திற்கு எதிரான செயல் ஆகாது. அது நமது கடமை.

பொறிகளின் எண்ணிக்கையும் அவற்றின் பயனும்

நமது நாட்டில் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கும் முயற்சி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1984-85ஆம் கல்வியாண்டில் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற சுருக்கப் பெயர் கொண்ட திட்டத்தைத் தொடங்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ வகைக் கணிப்பொறிகளை அளித்தது. 2004 டிசம்பரில் பள்ளிகளுக்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டில் 'தீக்ஷா' என்னும் மின்வழிப் பாடத் தளம் தொடங்கப்பட்டது. 2023-24ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரப்படி, இயங்கும் நிலையில் உள்ள கணிப்பொறிகளைப் பெற்றிருந்த பள்ளிகள் ஏறத்தாழ 57 சதவீதம்.

இவ்விவரங்கள் நமது முயற்சியின் அளவைக் காட்டுகின்றன, பயனைக் காட்டவில்லை. எத்தனை பள்ளிகளுக்குப் பொறிகள் சென்றன, எத்தனை மாணவர்கள் பதிவு செய்துகொண்டனர், எத்தனை மணி நேரம் பொறிகள் இயங்கின என்ற கணக்குகளை அலுவலகத்தில் அமர்ந்தே தயாரித்துவிடலாம். விற்பனை நிறுவனங்களும் இத்தகைய அட்டவணைகளையே பெரும்பாலும் நமக்கு அளிக்கின்றன. ஒரு மாணவன் ஒரு மாதத்தில் 400 கணக்குகளுக்கு விடை அளித்தான் என்று அட்டவணை கூறலாம். அந்த 400 கணக்குகளும் அவனுக்கு முன்பே தெரிந்தவையா, அவனால் எட்டவே முடியாதவையா, அவன் சிந்தித்து விடை சொன்னானா, நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டானா என்பதை அது கூறாது. பயன்பாட்டின் அளவை அறிவதோடு நின்றுவிட்டால் நாம் மதிப்பீடு செய்யவில்லை. கணக்குப் பதிவேடு மட்டுமே எழுதியிருக்கிறோம்.

மூன்று ஆய்வுகள் தரும் பாடம்

இத்துறையில் உலகம் எடுத்துக்காட்டும் ஆய்வுகளுள் சில நமது நாட்டிலேயே நடந்தவை என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. அவற்றுள் மூன்றினை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது வதோதரா நகரில் நடந்தது. 2000ஆம் ஆண்டில் குஜராத் அரசு அந்நகரின் 100 நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலா நான்கு கணிப்பொறிகளை வழங்கியது. அவற்றில் பெரும்பாலானவை பாடத்திற்குப் பயன்படாமலே இருந்தன. பின்னர் 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம் அப்பொறிகளில் கணித விளையாட்டு மென்பொருள்களை ஏற்றி, 4ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வாரத்திற்கு இரண்டு மணி நேரம் பயிற்சி அளித்தது. ஒரு பொறிக்கு இரண்டு மாணவர்கள் அமர்ந்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதன் பயனை அளந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கணிதத் தேர்வு மதிப்பெண் முதலாண்டில் 0.35 திட்ட விலக்கமும், இரண்டாம் ஆண்டில் 0.47 திட்ட விலக்கமும் உயர்ந்தது. இது குறிப்பிடத்தக்க உயர்வு. ஆயின் பயிற்சி நின்று ஓராண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது, அந்த உயர்வில் பெரும்பகுதி மறைந்து ஏறத்தாழ 0.10 மட்டுமே எஞ்சியிருந்தது.

இரண்டாவதும் குஜராத்தில் நடந்ததே. 'ஞான் சாலா' என்னும் அமைப்பு ஏழைக் குழந்தைகளுக்காக நடத்திய பள்ளிகளில், 2, 3ஆம் வகுப்பு மாணவர்களுக்கான கணித மென்பொருளை லீ லிண்டன் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் முடிவுகளை அளித்தார. மென்பொருள் இரண்டு வகையில் பயன்படுத்தப்பட்டது. ஒரு முறையில், ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கணிப்பொறிக்கு அளித்தனர். மற்றொரு முறையில், பள்ளி நேரத்திற்கு வெளியே கூடுதல் பயிற்சியாக அளித்தனர். முதல் முறையில் மாணவர்களின் மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் குறைந்தது. இரண்டாம் முறையில் 0.28 அளவுக்கு உயர்ந்தது. அப்பள்ளிகளில் ஆசிரியர்களின் பாடம் ஏற்கெனவே நன்கு திட்டமிடப்பட்டிருந்தது. அந்த நல்ல பாடத்தை விலக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்தபோது மென்பொருள் கேடு விளைவித்தது. அதற்குத் துணையாக நின்றபோது நன்மை தந்தது.

மூன்றாவது தில்லியில் 2015ஆம் ஆண்டில் நடந்தது. கார்த்திக் முரளீதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்திய பயிற்சி மையங்களை ஆராய்ந்தனர். அரசு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 619 பேரிடையே குலுக்கல் முறையில் சிலருக்கு மையத்தில் கட்டணமின்றிப் பயிலும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. வாரத்தில் ஆறு நாட்கள், நாளொன்றுக்கு 90 நிமிடங்கள். அதில் பாதி நேரம் கணிப்பொறி, மறுபாதி சிறு குழுவில் உதவி ஆசிரியரின் துணை. நாலரை மாதங்களில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கமும் இந்தியில் 0.23 திட்ட விலக்கமும் உயர்வு காணப்பட்டது. நூறு மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நின்ற ஒருவர் ஏறத்தாழ 64ஆம் இடத்திற்கு முன்னேறுவதற்கு ஒப்பானது இந்த 0.37.

இந்த ஆய்வு இரண்டு உண்மைகளை வெளிப்படுத்தியது. அம்மாணவர்களில் பெரும்பாலோர் கணிதத்தில் தாம் பயின்ற வகுப்புக்குப் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தனர். 6ஆம் வகுப்பில் சராசரி இடைவெளி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். மென்பொருள் ஒவ்வொருவரையும் அவரவர் நிற்கும் படியிலிருந்தே அழைத்துச் சென்றது. அதன் வெற்றிக்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மற்றொன்று, தனியே நடத்திய தேர்வில் தெரிந்த இந்த முன்னேற்றம் பள்ளியின் கணிதத் தேர்வில் தெரியவில்லை. காரணம் எளிது. 3ஆம் வகுப்பு நிலையிலிருந்து 4ஆம் வகுப்பு நிலைக்கு உயர்ந்த ஒரு மாணவனிடம் 7ஆம் வகுப்பு வினாத்தாளைக் கொடுத்தால், அவன் முன்பும் தோற்பான், பின்பும் தோற்பான். அவன் ஏறிய படி அந்த அளவுகோலில் குறிக்கப்படவே இல்லை.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் வற்புறுத்த விரும்பும் கருத்து தெளிவாகிறது. மென்பொருளைத் தனியே மதிப்பிட இயலாது. அது எந்தப் படியில் நிற்கும் மாணவனைச் சென்றடைகிறது, எதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது, யாருடைய துணையோடு இயங்குகிறது, எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது ஆகிய நான்கையும் சேர்த்தே அதன் மதிப்பு அமைகிறது. தில்லி ஆய்வின் முடிவும் கணிப்பொறிக்கும் குழுப் பாடத்திற்கும் உரிய பங்கைத் தனித்தனியே பிரித்துத் தரவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

வளம் மிக்க நாட்டிலும் இதே நிலை

நமது பள்ளிகளில் மின்சாரமும் ஆசிரியர்களும் போதாமையால்தான் மென்பொருள் முழுப் பயன் தரவில்லை என்று சிலர் எண்ணக்கூடும். அமெரிக்க அனுபவம் அந்த எண்ணத்திற்கு இடம் தரவில்லை. அந்நாட்டின் மத்தியக் கல்வித் துறைக்காக நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வின் முதல் அறிக்கை 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாசிப்பு, கணிதம் ஆகிய பாடங்களுக்கான 16 மென்பொருள்கள், 132 பள்ளிகள், 439 ஆசிரியர்கள் அந்த ஆய்வில் இடம்பெற்றனர். மென்பொருளைப் பயன்படுத்திய வகுப்புகளுக்கும் பயன்படுத்தாத வகுப்புகளுக்கும் இடையே தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதனால் மென்பொருள் பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. தரமான பொருளும் தேவையான வசதியும் இருந்தாலும், அன்றாட வகுப்பறையின் நடைமுறையோடு இணையாதபோது விளைவு சராசரியில் கரைந்துபோகிறது என்பதையே இது காட்டுகிறது. எனவே சராசரிக்குப் பின்னால் என்ன நிகழ்கிறது என்று பார்க்க நாம் குழந்தையின் அருகே செல்ல வேண்டும்.

சரியான விடையும் தவறான கருத்தும்

1973ஆம் ஆண்டில் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்னும் ஆய்வாளர், அமெரிக்கப் பள்ளியொன்றில் 6ஆம் வகுப்பில் பயின்ற 12 வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பென்னி என்ற பெயரால் அச்சிறுவன் அக்கட்டுரையில் குறிக்கப்படுகிறான். தனித்தனித் தாள்களில் பயிற்சி செய்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தேர்வு எழுதி, 80 சதவீதம் பெற்றால் அடுத்த பகுதிக்குச் செல்லும் முறையில் அவன் கணிதம் பயின்றான். கணிப்பொறி இல்லை என்பது ஒன்றே வேறுபாடு. இன்றைய பயிற்சி மென்பொருள் பலவற்றின் அமைப்பும் அதுவே.

பென்னி அம்முறையில் நன்கு முன்னேறி வந்த மாணவன். ஆனால் ஆய்வாளர் அவனோடு அமர்ந்து உரையாடியபோது வேறு செய்தி வெளிப்பட்டது. பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால், அவன் 2-ஐயும் 10-ஐயும் கூட்டி 1.2 என்று எழுதினான். 0.3-உடன் 0.4-ஐக் கூட்டினால் 0.07 என்றான். கணிதம் என்பது யாரோ வகுத்த ஏராளமான விதிகளின் தொகுப்பு, விடைத்தாளில் எந்த வடிவம் இருக்கிறதோ அதனை ஊகித்துப் பிடிப்பதே திறமை என்று அவன் எண்ணியிருந்தான். அவன் தேர்வுகளில் தேறியதே அவனது தவறான கருத்துக்களை ஆசிரியரின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

இது எங்கோ எப்போதோ நிகழ்ந்த அரிய நிகழ்ச்சி அன்று. நமது வகுப்புகளிலும் இதனை நாள்தோறும் காணலாம். தசம எண்களை ஒப்பிடும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். 0.65, 0.4 ஆகியவற்றுள் பெரியது எது? 2.75, 2.3 ஆகியவற்றுள் பெரியது எது? 0.81, 0.7 ஆகியவற்றுள் பெரியது எது? புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை முழு எண்ணாகப் படிக்கும் மாணவன், 65 என்பது 4-ஐவிடப் பெரியது, 75 என்பது 3-ஐவிடப் பெரியது என்று எண்ணி மூன்றுக்கும் சரியான விடை தருவான். இத்தகைய பத்துக் கணக்குகள் கொடுத்தாலும் பத்துக்குப் பத்துப் பெறுவான். திரையில் நட்சத்திரங்கள் மின்னும். 0.35, 0.4 ஆகியவற்றுள் பெரியது எது என்று கேட்கும்போதுதான் அவன் 0.35 என்று சொல்வான்.

வேறொரு மாணவன் நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று கற்றிருப்பான். அதனால் இலக்கம் மிகுந்த தசம எண் எப்போதும் சிறியது என்று முடிவு செய்திருப்பான். அவன் 0.35, 0.4 கணக்கில் சரியாகவும், 0.65, 0.4 கணக்கில் தவறாகவும் விடை சொல்வான். இருவகைக் கணக்குகளும் கலந்த தேர்வில் இருவரும் ஐம்பது ஐம்பது மதிப்பெண் பெறலாம். மதிப்பெண் ஒன்று, நோய் வேறு, மருந்தும் வேறு. முதல் மாணவனுக்கு 0.4 என்பதும் 0.40 என்பதும் ஒன்றே என்பதைக் காட்ட வேண்டும். இரண்டாம் மாணவனுக்குத் துண்டின் அளவையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கக் கற்பிக்க வேண்டும்.

மென்பொருளின் உள்ளே நோக்குதல்

எனவே ஒரு மென்பொருள் நம் முன் வைக்கப்படும்போது, அதன் வண்ணப் படங்களையும் இசையையும் பார்ப்பதற்கு முன், தவறான விடைக்கு அது என்ன செய்கிறது என்பதைச் சோதிக்க வேண்டும். இதற்குச் சிறப்பு அறிவு எதுவும் தேவையில்லை. அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை வேண்டுமென்றே உள்ளே செலுத்திப் பார்த்தால் போதும்.

அரையுடன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டச் சொல்லும் கணக்குக்கு ஐந்தில் இரண்டு என்று விடை கொடுத்துப் பாருங்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டும் இத்தவறு எல்லா ஊர்களிலும் உள்ளது. 'தவறு, மீண்டும் முயல்க' என்று மட்டும் கூறும் மென்பொருள், விடைத்தாளை மின்சாரத்தில் இயக்குகிறது, அவ்வளவே. சரியான செய்முறையை உடனே வரிசையாகக் காட்டுவது சற்று மேலானது. ஆனால் அதனைப் பார்த்து எழுதும் மாணவன் தன் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை. 'அரை ரொட்டியுடன் மேலும் ஒரு துண்டைச் சேர்த்தாய். உன் விடை அரையைவிடப் பெரியதா, சிறியதா?' என்று கேட்கும் மென்பொருளே கற்பிக்கிறது. ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது என்று கண்ட மாணவன் தானே தன் விடையைச் சந்தேகிக்கத் தொடங்குவான்.

மொழியையும் எண்முறையையும் உற்று நோக்க வேண்டும். நமது பாடநூல்களில் இலட்சமும் கோடியும் முதலில் வருகின்றன. மில்லியன் பின்னர் அறிமுகமாகிறது. வெளிநாட்டு மென்பொருளை அப்படியே மொழிபெயர்த்தால், எண்களில் காற்புள்ளி இடும் இடமே குழந்தையைக் குழப்பும். இந்தி பேசும் மாநிலங்களில் 29-ஐக் குறிக்கும் சொல்லான 'உந்தீஸ்', முப்பதுக்கு ஒன்று குறைவு என்ற பொருளில் அமைந்தது. இருபதும் ஒன்பதும் அச்சொல்லில் வெளிப்படையாக இல்லை. அங்கு இளங்குழந்தைகளுக்கு எண்பெயர்களே தனிப் பாடம். தமிழில் இருபத்தொன்பது என்று சொல்லும்போதே எண்ணின் அமைப்பு தெரிந்துவிடுகிறது. ஆகவே ஒரு மொழியில் சோதித்துப் பெற்ற முடிவை மற்றொரு மொழிக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலாது.

நோக்கத்தையும் நாம் மறந்துவிடலாகாது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவையொட்டி, கணித அறிஞர் ஆர். இராமானுஜம் தலைமையிலான குழு கணிதக் கற்பித்தல் பற்றிய நிலையறிக்கையைத் தயாரித்தது. எண்ணறிவும் செய்முறைத் திறனும் கணிதக் கல்வியின் குறுகிய நோக்கம். குழந்தையின் சிந்தனையையே கணித வழியில் பயிற்றுவது அதன் உயர்ந்த நோக்கம் என்று அவ்வறிக்கை வலியுறுத்தியது. விரைவையும் விடையையும் மட்டும் அளக்கும் மென்பொருள் குறுகிய நோக்கத்திற்கே உதவும். அவ்வுதவியும் நமக்குத் தேவையே. ஆயின் அதுவே முழுக் கணிதம் என்று குழந்தை எண்ணிவிடாமல் காப்பது ஆசிரியரின் பணி.

ஆசிரியரின் கையில் மென்பொருள்

பயிற்சி மென்பொருளைத் தவிர, ஆராய்ந்து அறிவதற்குரிய மென்பொருளும் உண்டு. ஆஸ்திரிய நாட்டவரான மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளிகள் இதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இத்தகைய கருவியின் மதிப்பு, அதனைக் கையாளும் பாடத்தைப் பொறுத்தே அமைகிறது.

ஓர் ஆசிரியர் திரையில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் உச்சியை இழுத்து இழுத்து, மூன்று கோணங்களின் கூடுதல் எப்போதும் 180 பாகை என்று காட்டுகிறார். மாணவர்கள் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். இது கரும்பலகைப் பாடத்தின் வேகமான வடிவமே. மற்றோர் ஆசிரியர், கோணங்கள் முழு எண்ணில் தோன்றுமாறு அமைத்துவிட்டு மாணவர்களையே இழுக்கச் சொல்கிறார். ஒரு நிலையில் திரை 60, 61, 60 என்று காட்டுகிறது. கூட்டினால் 181 வருகிறது. வகுப்பில் சலசலப்பு எழுகிறது. விதி பொய்யா, பொறி பொய்யா? உண்மையான அளவுகள் 59.6, 60.6, 59.8 என்றிருக்கலாம், அவற்றின் கூடுதல் 180. முழு எண்ணாக்கியதால் ஒரு பாகை மிகுந்துவிட்டது. அப்படியானால் எத்தனை முறை அளந்தாலும் அளவு மட்டும் நமக்கு உறுதி தராது. 180 என்பதற்குக் காரணம் வேண்டும். இவ்விடத்தில் நிரூபணம் என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பகுதியாக இல்லாமல், மாணவர்களுக்குத் தேவைப்படும் பொருளாகிறது. இரு வகுப்புகளிலும் மென்பொருள் ஒன்றே. மதிப்பீட்டாளர் மென்பொருளின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் இவ்வேறுபாடு அவர் கண்ணில் படாது.

ஆகவே வகுப்பறையைக் கூர்ந்து நோக்குவது மதிப்பீட்டின் பகுதியாக வேண்டும். ஒரு பொறியின் முன் இருவர் அமர்ந்தால், விசைப்பலகை யார் கையில் உள்ளது? மாணவியின் முறை வருகிறதா, அல்லது அவள் ஆண்டு முழுவதும் பார்வையாளராகவே இருக்கிறாளா? தவறான விடை வந்தபின் மாணவர்கள் தம்முள் பேசுகிறார்களா, அடுத்த பொத்தானைத் தட்டுகிறார்களா? கணிப்பொறி அறையில் நடந்தது மறுநாள் வகுப்பறைப் பாடத்தில் இடம்பெறுகிறதா? நாற்பது பேரில் பதினான்கு பேர் 0.35 என்பதை 0.4-ஐவிடப் பெரியதாக எண்ணுகிறார்கள் என்ற செய்தி அன்று மாலையே ஆசிரியரின் கைக்கு வந்தால், மறுநாள் பாடத்தை அவர் மாற்றி அமைப்பார். மாத முடிவில் மாவட்ட அலுவலகத்திற்கு வண்ண வரைபடமாகச் சென்றால் அதனால் யாருக்கும் பயனில்லை.

ஆசிரியரை மதிப்பிடுவது வேறு, கற்பிக்கும் முறையை மதிப்பிடுவது வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேற்கண்ட கேள்விகள் ஆசிரியரின் மீது குற்றப் பத்திரிகை தயாரிப்பதற்காக அல்ல. அச்சம் புகுந்த இடத்தில் உண்மை வெளிவராது. பொறிகளை இயக்கியதாகப் பதிவேடு மட்டுமே நிரம்பும்.

செய்ய வேண்டியவை

நடைமுறைக்கு ஏற்ற சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, மாநிலம் முழுவதற்கும் வாங்குவதற்கு முன், சாதாரணப் பள்ளிகளில் ஓராண்டுக் காலம் சோதிக்க வேண்டும். மாதிரிப் பள்ளிகளில் பெறும் வெற்றி நமக்கு வழிகாட்டாது. எந்தத் திட்டமும் எல்லாப் பள்ளிகளையும் ஒரே ஆண்டில் சென்றடைவதில்லை, கட்டங்களாகவே செல்கிறது. முதற்கட்டப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால், பாரபட்சம் என்ற பேச்சுக்கு இடமிராது. காத்திருக்கும் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பயனை அளக்கவும் வழி பிறக்கும். இதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு.

இரண்டாவதாக, ஒன்றுமில்லாமையோடு ஒப்பிடாமல், அதே பணத்தால் செய்யக்கூடிய வேறு நற்செயலோடு ஒப்பிட வேண்டும். நான் முதலில் குறிப்பிட்ட ஆய்வு, 'பால்சகி' என்ற மற்றொரு முயற்சியையும் வதோதராவிலும் மும்பையிலும் ஆராய்ந்தது. பின்தங்கிய மாணவர்களுக்கு அடிப்படைத் திறன்களைக் கற்பிக்க உள்ளூர் இளம்பெண் ஒருவரைப் பள்ளியில் அமர்த்தும் முயற்சி அது. இரண்டாம் ஆண்டில் அதன் பயன் 0.28 திட்ட விலக்கம். கணிப்பொறிப் பயிற்சி கணிதத்தில் இதனைவிட அதிகப் பயன் தந்தது என்பது உண்மையே. ஆனால் மாணவர் ஒருவருக்கு ஆண்டுச் செலவு கணிப்பொறி முறையில் ஏறத்தாழ 15 டாலர். பால்சகி முறையில் ஏறத்தாழ இரண்டேகால் டாலர். செலவையும் பயனையும் சேர்த்துப் பார்க்கும்போது தராசு எப்பக்கம் சாயும் என்பதைக் கணித ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொறிகளின் விலையும் மென்பொருளின் விலையும் அன்றைய நிலையில் இன்று இல்லை. ஆகவே கணக்கைப் புதிதாகப் போட வேண்டும், போடாமல் விடக்கூடாது.

மூன்றாவதாக, அளவுகோல் விற்பவரின் கையில் இருக்கலாகாது. தேர்வை நடுநிலையான அமைப்பு நடத்த வேண்டும். அத்தேர்வில் மாணவர் பயிலும் வகுப்புக்குக் கீழ்நிலைக் கணக்குகளும் இருக்க வேண்டும்; அப்போதுதான் பின்தங்கிய குழந்தை ஏறிய படிகள் தெரியும். ஒவ்வொரு பள்ளியிலும் ஐந்தாறு குழந்தைகளுடன் அமர்ந்து, 'இதனை எப்படிச் செய்தாய்?' என்று கேட்டு எழுதிக்கொள்வதும் வேண்டும். பென்னியைக் கண்டுபிடித்தது வினாத்தாள் அன்று, அந்தக் கேள்வியே. பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்து மறுதேர்வும் நடத்த வேண்டும்.

நான்காவதாக, தேர்வுக் குழுவில் வகுப்பறையில் பணியாற்றும் ஆசிரியர்கள் இடம்பெற வேண்டும். வேண்டாம் என்று கூறும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும். வாரத்திற்கு இரண்டு மணி நேரம் என்பது நாற்பது நிமிடப் பாடவேளைகள் மூன்று. அம்மூன்று பாடவேளைகளில் எது நடைபெறாமல் போகிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

இறுதியாக, முடிவுகளை மறைக்காமல் வெளியிட வேண்டும். கல்வித் தொழில்நுட்பத்தைப் பற்றிய கருத்துப் பரிமாற்றத்திற்கென ஒரு தேசிய மன்றம் அமைய வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைத்தது. ஒரு மாநிலத்தில் பயன் தராத மென்பொருளை அடுத்த மாநிலம் அறியாமல் வாங்கும் நிலையைத் தவிர்க்க, இத்தகைய பொதுக் களஞ்சியம் பெரிதும் உதவும். தோல்வியைப் பதிவு செய்வதும் நாட்டுக்குச் செய்யும் தொண்டுதான்.

நண்பர்களே! ஒரு பாலமோ அணையோ திட்டமிட்டபடி அமையாவிட்டால் அதனைச் செப்பனிடலாம்; காலம் தாழ்ந்தாவது முடிக்கலாம். 5ஆம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த ஆண்டு ஒருமுறைதான் வருகிறது. அந்த ஆண்டின் பாடவேளைகளை எதற்கு ஒதுக்குகிறோம் என்பதை ஆராயாமல் முடிவு செய்யும் உரிமை நமக்கு இல்லை. நல்ல மென்பொருள் வரட்டும்; வரவேற்போம். அது நம் வகுப்பறைக்குள் நுழையும்போது, வழக்கமாக மாணவனிடம் நாம் கேட்கும் அதே கேள்வியை அதனிடமும் கேட்போம்: விடை இருக்கட்டும், வழிமுறையைக் காட்டு.